நல்ல டீக்கு விலாசம் கேட்கும் வாசகருக்கு

கேள்வி: வேலைக்காகச் சென்னைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. தெருவுக்கு நான்கு டீக்கடை இருந்தும் வாய்க்கு ருசியாக ஒரு டீ கிடைக்கவில்லை. ஏசி கடைகளில் விலைதான் அதிகம். நல்ல கடைகளின் பட்டியல் ஒன்று தருவீர்களா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தர மாட்டேன். இன்று பட்டியல் போட்டால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிடும். டீயின் ருசி மாஸ்டரின் கையோடு போவது. சம்பளம் கட்டுப்படியாகாமல் அவர் எதிர்க்கடைக்கு மாறினால் ருசியும் சாலையைக் கடந்துவிடும். பழைய கடையில் கூட்டம் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். விடியும் முன்பே பாய்லரைப் பற்றவைத்து, இரவு வரை நின்றபடியே வேலை செய்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுக்க முதலாளிகளுக்கு மனம் வருவதில்லை. உங்கள் குறைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆகவே, கடை வாசலில் இரண்டு நிமிடம் நின்று அவர் கையைப் பாருங்கள். துணி வடிகட்டியில் புதுத் தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி, இறங்கும் டிகாஷனை அப்போதே பாலில் கலக்கிறாரா? அங்கே குடிக்கலாம். நம் கடைகளில் புழங்குவது பெரும்பாலும் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் தயாராகும் பொடியான டஸ்ட் தூள். அது சட்டென்று சாயம் இறக்கும். ஊறவிட்டால் அதே வேகத்தில் கசப்பையும் இறக்கும். ஒரே தூளில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றிப் பிழியும் கடையில் மணம் போய், தொண்டையில் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். அதை மறைக்கத்தான் சர்க்கரையையும் ஏலக்காயையும் அள்ளிப் போடுகிறார்கள். புதுக் கடையில் சர்க்கரை குறைவாகக் கேளுங்கள். தூளின் யோக்கியதை முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். தேயிலைத் தூளில் சாயம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. சந்தேகம் வந்தால் கொஞ்சம் தூளை வடிதாளில் (ஃபில்டர் பேப்பரில்) பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். நல்ல தூள் அந்தக் கணத்தில் கறை விடாது, சாயத் தூள் உடனே விடும்.

அடுத்தது நேரம். பாலும் டிகாஷனும் தேங்கி நிற்காத நேரத்தில் போக வேண்டும். கோயம்பேடு சந்தையில் லாரிகள் சரக்கு இறக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மட்ட டீயை இரண்டாம் நாள் வாங்க மாட்டார்கள். அதே சந்தையில் மதியம் இரண்டு மணிக்குப் போனால், சுண்டிய பாலின் அடிவாசனைதான் உங்களுக்குக் கிடைக்கும். திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கம் போனால், எலுமிச்சை பிழிந்த சுலைமானி கேளுங்கள். பால் இல்லாத டீயில் மோசமான தூள் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. உட்கார்ந்து குடிக்க வேண்டுமானால் அண்ணா சாலை புகாரி இருக்கிறது. 1951-இல் தொடங்கிய உணவகம்.

ஏசி கடையில் நீங்கள் கொடுப்பது நாற்காலி வாடகை. நண்பருடன் ஒரு மணி நேரம் பேசுவதற்கு அது நியாயமான தொகைதான். டீக்காக அங்கே போகாதீர்கள்.

காகித கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியே தீர வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகித கப்புக்கு இம்மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கடைக்குக் கடை அதுதான். அதில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்குகின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். பார்சலுக்குக் கட்டித் தரும் பிளாஸ்டிக் பைக்கும் அதே தடை உண்டு. கண்ணாடி கிளாஸ் கேளுங்கள், அதை வெந்நீரில் அலசித் தரச் சொல்லுங்கள். கழுவ ஆளில்லை என்று சொன்னால் காசைக் கொடுக்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.