டோனெபெசில் அளவைக் கூட்டினால் நினைவாற்றலும் கூடுமா?

அல்சைமர் என்னும் மறதி நோய்க்குத் தரும் இந்த மருந்தில் 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.க்குப் போகும்போது சிலருக்குக் கொஞ்சம் கூடும். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2010-இல் அமெரிக்காவில் 23 மி.கி. மாத்திரை அனுமதி பெற்றது. கிடைத்த பயன் சொற்பம், வாந்திதான் கூடியது.

காரணம் நரம்பு முனையில் இருக்கிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை வெளிவிடும் முனை, தான் விட்டது வெளியே எவ்வளவு நிற்கிறது என்று தானே கண்காணிக்கும். அதற்கான ஏற்பி (அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் புரதம்) எம்2. மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைக்கிறதல்லவா, அதே வேலை. எம்2 தூண்டப்பட்டதும், செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதம் வழியாகக் கால்சியம் வாயில்கள் ஒடுங்கும். கால்சியம் போதிய அளவு நுழையாததால் அடுத்த தவணை அசிட்டைல்கோலின் குறைவாகவே வெளியேறும்.

டோனெபெசில் எதையும் புதிதாகச் சுரக்கவைப்பதில்லை. வெளியே வந்ததைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, அவ்வளவே. தேங்கும் அசிட்டைல்கோலின் எதிர்ப்பக்க நரம்பணுவில் உள்ள எம்1 என்ற ஏற்பியைத் தூண்டுவது நமக்கு வேண்டியது. கூடவே எம்2-ஐயும் தூண்டி வெளியேற்றத்தைக் குறைத்துவிடுகிறது.

அல்சைமரில் எம்1 பெரும்பாலும் தங்கிவிடும், எம்2 குறையும். தடை விலகினால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் எம்2 உட்கார்ந்திருக்கும் முனையே அழிவதால்தான் அது குறைகிறது.

எம்2-ஐ மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். விலங்குகளில் வெளியேற்றம் கூடியது. ஆனால் இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதும் இதே எம்2. மறதி நோய்க்கான மருந்தாக அது கடைக்கு வரவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியதும் இங்கேதான். டோனெபெசில் இதயத்து எம்2-ஐயும் தூண்டும். 5 மி.கி.யில் 4 முதல் 6 வாரம் இருந்த பிறகே 10-க்குப் போவார்கள். அதற்கு முன் நாடியை எண்ணுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், டில்டியாசெம் சாப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம். துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ மயங்கி விழுந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கமான சிக்கல்: இந்த மருந்தால் சிலருக்குச் சிறுநீர் அவசரம் வரும். அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதப்பட்டால், அது மூளைக்குள் போய் எம்1-ஐ அடைக்கும். ஒரு மாத்திரை திறந்ததை இன்னொன்று மூடுகிறது. சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின், தூக்கத்துக்குத் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் இந்த வகைதான். டோனெபெசில் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன், மாத்திரைப் பெட்டியை அப்படியே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.