ஹீல் அண்ட் டோவும் எஞ்சின் பிரேக்கிங்கும்: கேள்வி பதில்

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல் தடவை கார் ஓட்டப் போகிறேன் அண்ணா. ஹீல் அண்ட் டோ தெரியாமல் போகலாமா?

தாராளமாகப் போகலாம் தம்பி. ஹீல் அண்ட் டோ என்பது வலது காலால் பிரேக்கை அழுத்தியபடியே, கியர் குறைக்கும்போது அதே காலால் ஆக்சிலரேட்டரையும் தட்டுவது. முதல் நாளில் எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்று பழகினாலே போதும்.

கேள்வி: கியரைக் குறைத்தாலே வேகம் குறைகிறதே, அப்புறம் எதற்கு இந்த வித்தை?

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. டிராக்கில் வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை. வளைவை விட்டு வெளியேறும்போது நல்ல இழுவை வேண்டும், அதற்காகத்தான் கியரைக் குறைக்கிறோம்.

நாலாவது கியரின் விகிதம் 1.0, மூன்றாவது 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதில் எஞ்சின் 3,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடுகிறது என்றால், அதே வேகத்துக்கு மூன்றாவதில் 4,900 வேண்டும். ஆனால் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் சுற்று இறங்கிவிடுகிறது. அப்படியே கிளட்சை விட்டால் அந்த வித்தியாசத்தைச் சக்கரங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். வண்டி வெடுக்கென்று குலுங்கும். பின்சக்கர இழுவை வண்டி என்றால் இன்னும் ஆபத்து. பிரேக்கில் எடை முன்னால் சாய்ந்து பின் டயர்களின் பிடி குறைந்திருக்கும் நேரம் அது. பின்பக்கம் சுழன்றுவிடும். அதனால்தான் கிளட்சை விடுமுன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டிச் சுற்றை ஏற்றுகிறோம். வலது கால் பிரேக்கில் இருப்பதால் இரண்டு வேலையையும் அதுவே பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: குதிகாலைத் திருப்பி ஆக்சிலரேட்டரில் வைக்கவே வரவில்லை சார்.

குதிகாலை விடுங்கள். பெருவிரலுக்குக் கீழே உள்ள சதை பிரேக்கில் இருக்கட்டும், பாதத்தின் வலது ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தட்டுங்கள். இன்றைய கார்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் வசதி. இன்னொன்று, மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது பெடல் உயரத்திலேயே நிற்கும், கால் எட்டாது. நன்றாக அழுத்தினால்தான் இரண்டு பெடலும் மட்டத்துக்கு வரும். தட்டும்போது பிரேக் அழுத்தம் கூடவோ குறையவோ கூடாது. கஷ்டமே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: என் காரில் பிரேக்கோடு சேர்த்துத் தட்டினால் எஞ்சின் சுற்று ஏறவே இல்லை.

திராட்டில் என்பது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. அதைக் கணினி இயக்கும் எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள சில கார்களில் பிரேக் அழுத்தியிருந்தால் ஆக்சிலரேட்டரைக் கணினி புறக்கணித்துவிடும். பாதுகாப்புக்காக வைத்தது, அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அவசரத்தில் ஐந்திலிருந்து நாலுக்குப் பதில் இரண்டு விழுந்தால்? ரெவ் லிமிட்டர் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டருக்கு எரிபொருளை வெட்டத்தான் தெரியும். இங்கே எஞ்சினைச் சுற்றுவது சக்கரங்கள். வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சினே போய்விடலாம். கியர் கம்பியை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையால் நியூட்ரலுக்கு இழுத்து, அது தானாக நடுவுக்கு வந்தபின் நேராகப் பின்னால் இழுத்துப் பழகுங்கள்.

கேள்வி: கொல்லிமலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வருகிறேன். சரிதானே?

தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் பேடு அளவுக்கு மீறிச் சூடேறும், பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி உண்டாகி பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

டிராக்கில் சொன்னது இங்கே அப்படியே மாறுகிறது. மலையில் வண்டியைப் பிடித்துவைக்க வேண்டியது எஞ்சின்தான். ஆக்சிலரேட்டரை விட்டதும் திராட்டில் மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சத் திணறும், அந்தத் திணறல் வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதுதான் எஞ்சின் பிரேக்கிங். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். மிச்சமும் இதில்தான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடுவதற்கே எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் பிரேக்கிங்கில் பின்னால் உள்ள பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வண்டி இருந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: டீசலுக்கும் இதேதானா?

கியர் விதி அதேதான். ஆனால் பெட்ரோல் எஞ்சின்போல காற்றை அடைத்து ஓடுவதில்லை என்பதால் அந்த அளவு பிடிப்பை எதிர்பார்க்காதீர்கள். லாரி, பஸ்களில் புகை வெளியேறும் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பதும் இதனால்தான்.

கேள்வி: யமஹா ஆர்15 வி3 பைக் வைத்திருக்கிறேன். ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறதே, கியர் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டுவது தேவையா?

கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் ஸ்லிப்பர் கிளட்ச் ஓரளவு நழுவிக் கொடுக்கும். ஒவ்வொரு கியராக இறங்கினால் சாலையில் அதுவே போதும். ஈரமான வளைவில் மட்டும் அதை நம்பாமல், வண்டி நேராக இருக்கும்போதே கியர் குறைத்து முடித்துவிடுங்கள்.