தடைக்காலத்துக்கும் தவணை உண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024-25இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 11.19 சதவீதம் என்று செய்தியில் படித்தேன். எங்கள் வீட்டில் கடன்தான் வளர்கிறது. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். பத்து மாதம் சராசரியாக 16,000 வரும், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒன்றும் இல்லை. கருவாட்டில் எனக்கு மாதம் 3,000 கிடைக்கும். மூன்று குழுக்கடனுக்கு மாதம் 6,400, ஃபிரிட்ஜ் தவணை 1,600, தண்டலுக்குத் தினம் 100, அதில் இன்னும் 40 நாள் பாக்கி. இதுபோக, ஐந்து வட்டிக்கு வாங்கிய 20,000 அப்படியே நிற்கிறது. எதை முதலில் அடைப்பது? (வாசகி, பாம்பன்)

பதில்: அந்த 11.19 சதவீதத்தில் பெரும்பங்கு தொழிற்சாலைகளும் சேவைத் துறையும் தந்தது. அதற்காக மீன்பாடு கூடிவிடாது. ஆனால் வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் நாடு முழுவதும் சேர்ந்தே ஏறுகின்றன. ஊரில் பணம் புழங்கும்போது கடன் கொடுப்பவர்களும் வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். வளர்ச்சிக் காலத்தில் குடும்பங்களின் கடன் பெருகுவது இப்படித்தான். குற்றம் உங்களுடையது மட்டும் அல்ல.

முதலில் வருமானத்தை ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். கணவருடையது 1,60,000, உங்களுடையது 36,000. மகளிர் உரிமைத்தொகை வருகிறதென்றால் 12,000, தடைக்கால நிவாரணம் 8,000. மொத்தம் 2,16,000, அதாவது மாதத்துக்கு 18,000. தவணையும் வட்டியும் சேர்ந்து இப்போது மாதம் 12,000 போகிறது. குறுங்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த வரம்பு, ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது. உங்களுக்கு அது 9,000. தண்டலும் கைமாற்றும் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. அதனால்தான் வரம்பு தாண்டிய பிறகும் "இன்னும் ஒரு கடன் எடுங்கக்கா" என்று கேட்டு வருகிறார்கள்.

தண்டலை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். 10,000க்கு எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவது வழக்கமான கணக்கு. நாளுக்கு நாள் அசல் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம். ஆனால் அந்த வட்டியை அவர் முதல் நாளே எடுத்துவிட்டார். மீதி 4,000ஐ இன்றே கொடுத்தாலும், அவர் தள்ளுபடி தராவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. 40 நாளில் தானாக முடியட்டும். முடியும் அன்று "புதுச்சீட்டு போடட்டுமா" என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாள் அதுதான்.

வீட்டை அரிப்பது ஐந்து வட்டி. 20,000க்கு மாதம் 1,000, ஆண்டுக்கு 60 சதவீதம். அசலில் பத்து ரூபாய் குறையவில்லை. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 20,000க்கு மட்டும் அடகு வைத்து இதை அடைத்துவிடுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்தாலும் மாதம் 200தான். அடைக்கும்போது கையெழுத்திட்ட புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் கையோடு வாங்கிவிட வேண்டும். "வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள்.

தண்டல் முடிந்ததும் அதில் 3,000, வட்டியில் 800, ஆக மாதம் 3,800 கைக்கு வருகிறது. இதில் 1,600ஐத் தொடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதமும் குழுக்கடன், ஃபிரிட்ஜ் தவணை 16,000 கட்டியாக வேண்டும். பத்து மாதம் 1,600 போட்டால் அந்த 16,000 தயார். மீன்பாடு நன்றாக உள்ள வாரத்தில் கூடுதலாகவும், காற்று அடித்துப் படகு கரையில் நிற்கும் வாரத்தில் குறைவாகவும் போடலாம். மீதி 2,200ஐ நகைக் கடன் அசலுக்குக் கட்டினால் ஒன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

நிவாரணம் 8,000 பெரிதாகத் தெரியும். 61 நாளுக்குப் பிரித்தால் தினம் 131 ரூபாய். அது அரிசி, காய்கறிக்கான பணம், அதைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 தருகிறது. இதைவிட நல்ல சேமிப்பு வேறு எங்கும் கிடைக்காது, ஒரு ஆண்டும் விடாதீர்கள். தடைக்காலத்தில் படகு உரிமையாளரிடம் வாங்கும் முன்பணத்துக்கு வட்டி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அது தீரும்வரை உங்கள் கணவர் நல்ல பங்கு தரும் வேறு படகுக்கு மாற முடியாது. கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று பவுனை 90,000க்கு அடகு வைத்திருக்கிறேன். பவுன் லட்ச ரூபாய்க்கு வந்துவிட்டதால், அதே நகைக்கு 1,60,000 வரை தருவதாக அடகுக்கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தொண்டி)

பதில்: வாங்காதீர்கள். நகை விலை ஏறினால் உங்கள் வருமானம் ஏறியதாகாது. ஒன்றரை வட்டி என்றால் இன்று மாதம் 1,350 கட்டுகிறீர்கள், 1,60,000க்கு 2,400 ஆகிவிடும். விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், முடியாவிட்டால் ஏலம்.

விலை ஏற்றத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரு பவுனை விற்று மற்ற இரண்டையும் திருப்புங்கள். விற்பதற்கு முன் இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். கல், மெழுகு, அழுக்கு என்று எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில்தான் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். கொஞ்சம் குறைந்தால் அதை மட்டும் கையிலிருந்து போடுங்கள். மனைவியின் நகையை விற்பது எளிதல்ல, புரிகிறது. மூன்றும் ஏலம் போவதைவிட இரண்டு கழுத்தில் இருப்பது மேல்.

ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கி, நிதி நிறுவனங்களுக்கு 2025இல் புதிய நகைக்கடன் விதிகள் வந்தன. அவை முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கான கெடு 2026 ஏப்ரல் 1. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம்வரை கொடுக்கலாம். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்க, அதுவரையிலான வட்டியைக் கட்டியே ஆகவேண்டும். வட்டியை அசலில் சேர்த்து மறு அடகு எழுதும் பழக்கம் இதனால் அடைபடுகிறது. கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பாவிட்டால், தாமதத்துக்கு அவர்கள் காரணமாக இருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும்.

கேள்வி: குழுக்கடன் வசூலுக்கு இரவு எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன செய்வது? (வாசகி, ஏர்வாடி)

பதில்: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது, திட்டவோ மிரட்டவோ கூடாது. தவணை தாமதமானால் அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போடலாம், முழுக் கடனுக்கும் அல்ல. எல்லா வரவும் எழுதிய கடன் அட்டை, உங்களுக்குப் புரியும் மொழியில், உங்கள் கையில் இருக்கவேண்டும். வந்த தேதி, நேரம், பேசியது மூன்றையும் எழுதி நிறுவனத்துக்கு முதலில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். விவரம் கேட்க 14448.

ஒன்று கவனம். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். குழுவில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

வந்தது தனியார் கந்துவட்டிக்காரர் என்றால் வழி வேறு. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற அநியாய வட்டி எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள்.

கேள்வி: கடற்பாசி வளர்ப்புக்குக் கிசான் கடன் அட்டை கிடைக்குமா? (வாசகி, மண்டபம்)

பதில்: கிடைக்கும். 2018-19 முதல் மீன்வளத் தொழிலுக்கும் உண்டு. வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4. 60,000க்கு ஓராண்டு வட்டி 4,200க்குப் பதில் 2,400 ஆகும். ஒருநாள் பிந்தினாலும் அந்த 1,800 போய்விடும். மூங்கில் மிதவையில் ஒரு சுற்றுக்கு 45 நாள். சித்திரை வெயிலில் நீர் சூடேறிப் பாசி வெளுத்துப்போகும், வாடைக்காற்றில் மிதவை உடையும். ஆகவே கெடு அந்த மாதங்களில் விழாதபடி, நல்ல அறுவடை கைக்கு வந்து ஒரு மாதம் கழித்து வரும்படி கடன் எடுக்கும் தேதியை மேலாளரிடம் பேசி வையுங்கள்.