மத்தியஸ்த சபை மறியலில் போடுமா?

கேள்வி: காணி எல்லைப் பிரச்சினைக்காக மத்தியஸ்த சபைக்குப் போனேன். மத்தியஸ்தரிடம் "நீங்கள் மற்றப் பக்கத்துக்குத்தான் கதைக்கிறீர்கள்" என்று சொல்லி, எழும்பி வந்துவிட்டேன். சபையை அவமதித்த குற்றத்துக்குத் தண்டப்பணம், மறியல் (சிறை) எல்லாம் உண்டு என்று ஊரில் வெருட்டுகிறார்கள். உண்மையா?
– வலிகாமம் வாசகர்

பதில்: இல்லை. பயப்படாதீர்கள்.

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையின் வேலை, இரு பகுதியையும் இருத்திக் கதைத்து இணங்க வைப்பது. தீர்ப்புச் சொல்லவே அதிகாரம் இல்லாத சபை எப்படித் தண்டிக்கும்? ஒருவர் வராவிட்டாலோ இணங்காவிட்டாலோ, இணக்கமின்மைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும். அவ்வளவுதான்.

எங்கள் முதியவர்கள் சொல்லும் கிராமக் கோடு (கிராம நீதிமன்றம்) வேறு. அது 1945ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடந்த உண்மையான நீதிமன்றம். 1974இல் இல்லாமற் போய்விட்டது. வங்காளதேசத்தில் இன்றும் கிராம நீதிமன்றம் உண்டு. தன்னை அவமதிப்பவருக்கு அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. இங்கே, தன் முன்னிலையில் நடக்கும் அவமதிப்பை நீதவான் நீதிமன்றம் தண்டிக்கலாம். அந்த அதிகாரமும் சட்டத்தில் எழுதப்பட்டதுதான். ஒரு சபையின் தலைவருக்குக் கோபம் வந்தால் மட்டும் அது வந்துவிடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோயில் கூட்டத்தில் கணக்குக் கேட்டவரை "சபையை அவமதித்தார்" என்று சொல்லி மன்னிப்புக் கடிதம் கேட்பதும், தலைமுறையாகச் செய்துவந்த திருவிழா உபயத்தை மறிப்பதும் எங்கள் ஊர்களில் நடக்கிறது. கேள்வி கேட்பது குற்றமில்லை. ஆனால் ஒருவரை அடிக்கப் போனாலோ மிரட்டினாலோ அது பொலிசுக்குப் போகும் விஷயம். அதற்கு அவமதிப்புச் சட்டம் தேவையில்லை.

இனி உங்கள் காரியம். சபை கூடும் நாளில் போய், இணங்க விருப்பமில்லை என்றால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சட்டம் வரையறுத்த பெறுமதிக்கு உட்பட்ட தகராறு என்றால், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்குப் போட முடியாது. அப்படியே அந்த மத்தியஸ்தரிடம் இரண்டு வார்த்தை தன்மையாகக் கதையுங்கள். சம்பளம் இல்லாமல் விடுமுறை நாளில் வந்து இருக்கிற மனிதர். தண்டப்பணம் என்று யாராவது காசு கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.