பல் எடுத்த பிறகு மூன்றாம் நாளில் வலி கூடுகிறதா?

கேள்வி: கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்து நான்கு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் வலி தாங்கும்படிதான் இருந்தது. நேற்றிலிருந்து காது வரை இழுக்கிறது, தூக்கமே இல்லை. வாயில் கெட்ட வாடை வேறு. ‘பல்லைப் பிடுங்கினால் வலிக்கத்தான் செய்யும்’ என்கிறார்கள் வீட்டில். முன்பு வாங்கிய ஆன்டிபயாடிக் மீதம் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குப் பல் எடுத்த மருத்துவரிடமே இன்று போய், ‘குறைந்துகொண்டு வந்த வலி திரும்பக் கூடுகிறது’ என்று சொல்லுங்கள். பாதி விஷயம் அதிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

வீட்டில் சொல்வது சரிதான், வலிக்கும். ஆனால் அது நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இப்படி ஏறி, காதுவரை பரவினால் ‘டிரை சாக்கெட்’ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல் இருந்த குழியில் ரத்தம் கட்டியாக உறைந்து, அடியில் உள்ள எலும்பை மூடிக்கொள்ளும். அது கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால், காற்று பட்டாலும் தண்ணீர் பட்டாலும் உயிர் போகிற வலி. கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம் வருகிறது. புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் வரும் என்பதால், எங்கே தவறினோம் என்று போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிருமித் தொற்று இதற்கு முக்கியக் காரணம் இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் போட்டாலும் இந்த வலி அடங்காது. மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, மருந்து தோய்த்த சின்னத் திரி ஒன்றை உள்ளே வைப்பார். பெரும்பாலும் கிராம்பு எண்ணெய் வாடை அடிக்கும். பலருக்கு அன்றைக்கே வலி நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்கு இரண்டொரு தடவை மாற்றி வைக்க வேண்டிவரும். கிராம்புதானே என்று வீட்டில் இருக்கும் எண்ணெயைக் குழிக்குள் ஊற்றிவிடாதீர்கள், ஈறு வெந்துபோகும்.

போகிற வரைக்கும் பாரசிட்டமால் போடலாம், அட்டையில் சொன்ன அளவைத் தாண்டாமல். ஐபுப்ரொஃபென் இன்னும் நன்றாகக் கேட்கும்; ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டாம். வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். கொப்பளித்துத் துப்பினால் புதிதாக உறைகிற ரத்தமும் பெயர்ந்து போகலாம். ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் அப்படித்தான். கண்ணாடியில் பார்க்கும்போது குழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் குச்சி, நகம் எதையும் விட்டுக் கிளறாதீர்கள்.

காய்ச்சல், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், சீழ், வாயைத் திறக்கவே முடியாத நிலை இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தேவையா, எது என்பதை அப்போது மருத்துவர் முடிவு செய்வார். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கீழ் உதடோ நாக்கோ இன்னும் மரத்தே இருக்கிறதா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள், நரம்பைச் சோதிக்க வேண்டும்.