வேப் வாசனை போகாத அறை: சுவரைக் கழுவினால்தான் தீரும்

கேள்வி: வாடகைக்கு இருந்த பையன் காலி செய்து ஒரு மாதமாகியும் படுக்கையறையில் வேப் (மின்சிகரெட்) வாசனை போகவில்லை. மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள். என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு மேல் அறையை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். அதனால் இந்த மாம்பழ, புதினா வாசனை எனக்கு நன்றாகவே பழக்கம். முதலில் ஒன்று: சாம்பிராணி போடாதீர்கள், ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். வாசனையோடு வாசனை கலந்து தலைவலிதான் மிஞ்சும்.

வேப் ஆவியில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். கூடவே வாசனைச் சாறு, பலவற்றில் நிக்கோட்டின். ஆவி கண்ணுக்கு மறைந்தாலும் அதிலுள்ள நுண்துளிகள் சுவர், கண்ணாடி, காற்றாடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் மெல்லிய பிசுக்காகப் படிந்துவிடும். கிளிசரின் ஈரத்தை இழுக்கும். சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்ளும் நம் ஊரில் அந்தப் பிசுக்கு எங்கே காயப்போகிறது? ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மங்கலுக்கு நடுவே தெளிவாக ஒரு கோடு விழும், விரல் லேசாகப் பிசுபிசுக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு வசதி, கிளைக்காலும் கிளிசரினும் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம் விட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைத்து வாருங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே பிசுக்கைத்தான் திரும்பப் பூசுவீர்கள். காற்றாடி இறக்கையின் மேல்பக்கம், கதவின் மேல்விளிம்பு, பல்ப், அலமாரிக்குப் பின்சுவர் இவற்றை மறக்காதீர்கள். கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னலாக இருந்தால் பட்டைகளைக் கழற்றிக் கழுவுவதே நல்லது.

திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் துவைத்து வெயிலில் போடுங்கள். மெத்தையில் சமையல் சோடா தூவி, ஓர் இரவு விட்டு வேக்குவம் பிடியுங்கள். தலையணை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், குழந்தை முகம் வைக்கிற இடம்.

எல்லாம் செய்தும் ஏர்கோன் போட்டவுடன் வாசனை திரும்ப வந்தால், குற்றவாளி அதுதான். ஃபில்டரை நீங்களே கழுவலாம். உள்ளே காயிலில் படிந்ததற்கு ஆளைக் கூப்பிட்டு கெமிக்கல் வாஷ் செய்யச் சொல்லுங்கள். அந்தக் காசு வீண்போகாது. பெயிண்ட் அடிப்பதானாலும் சுவரைக் கழுவிக் காயவிட்ட பிறகுதான். பிசுக்கின் மேல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

அவசரத்தில் குளோரக்ஸ் போன்ற பிளீச்சையும் வினிகரையும் மட்டும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் பெரிய ஆபத்து.

கைக்குழந்தை வருகிறது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வாசனை போய்விட்டதாலேயே நிக்கோட்டினும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். ஆகவே தரையையும், குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரம்வரை சுவரையும், மகள் வருவதற்கு முன் இன்னொரு முறை துடைத்துவிடுங்கள். அடுத்து வாடகைக்கு வருபவரிடம் வேப் வெளியில்தான் என்று முதல் நாளே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.