சுருக்குப் பையும் சுருக்கப் பதிப்பும்

கேள்வி: ஐரோப்பாவின் பெரிய நாவல்களையும் நாடகங்களையும் படிக்க ஆசை. தலையணை சைஸைப் பார்த்தால் பயம். ரஷ்யப் பெயர்கள் வேறு குழப்புகின்றன. சுருக்கப் பதிப்புகளை வாங்கினால் போதுமா? எதில் தொடங்கலாம்?
- வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, நாலாக மடித்த நோட்டு, பேரனுக்கு ஆரஞ்சு மிட்டாய், எல்லாம் உள்ளே இருக்கும். கயிற்றை இழுத்தால் பையின் வாய்தான் சுருங்கும், பாக்கு சுருங்காது. சுருக்கப் பதிப்புக்காரர்கள் பாக்கையும் சுண்ணாம்பையும் கொட்டிவிட்டுப் பையை நம் கையில் கொடுக்கிறார்கள். நாம் வெறும் வெற்றிலையை மென்றுவிட்டு, 'வாயே சிவக்கலையே, டால்ஸ்டாய் இவ்வளவுதானா?' என்கிறோம்.

கத்தரி முதலில் போவது 'கதை நகராத' இடத்துக்கு. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிஸராப்ள்' (1862), சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' ஆக்கியது, இரண்டாம் பாகத்தை வாட்டர்லூ போரில் தொடங்குகிறது. 19 அத்தியாயங்கள். கதாநாயகன் அந்தப் பக்கமே வருவதில்லை. வெட்டுகிறவருக்குக் கை அரிக்காதா? ஆனால் 19ஆவது அத்தியாயத்தில், போர் முடிந்த இரவில், பிணங்களிடம் திருட வந்த தெனார்தியே, குவியலுக்கு அடியிலிருந்து ஓர் அதிகாரியை இழுத்துப் போட்டு அவருடைய கடிகாரத்தையும் பணப்பையையும் உருவிக்கொள்கிறான். கண் விழித்தவர், காப்பாற்றியவன் என்று நம்பி அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிறார். சாகும்போது மகன் மரியுஸுக்கு, அந்தத் தெனார்தியேயைக் கண்டால் முடிந்த நன்மையெல்லாம் செய் என்று எழுதி வைக்கிறார். பல நூறு பக்கம் தள்ளி, மரியுஸ் சுவர் ஓட்டை வழியாக ஒரு கொள்ளைக் கும்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். போலீஸுக்குச் சைகையாகத் துப்பாக்கியால் சுட வேண்டும். அப்போது கும்பல் தலைவன் தன் பெயரைச் சொல்கிறான்: தெனார்தியே. கை ஓடவில்லை. வாட்டர்லூவை வெட்டிய பதிப்பில் இந்தப் பையன் வெறும் தொடைநடுங்கி. விடிய விடியக் கதை கேட்டவர் சீதைக்கு ராமன் சித்தப்பா என்றாராம். பாவம், அவருக்குக் கிடைத்தது சுருக்கப் பதிப்பாக இருந்திருக்கும்.

இதில் என் இனத்தாரான பத்திரிகை ஆசிரியர்களும் யோக்கியர்கள் இல்லை. 'அன்னா கரேனினா' 1875 முதல் 1877 வரை 'ரூஸ்கி வேஸ்த்னிக்' பத்திரிகையில் தொடராக வந்தது. செர்பியப் போருக்குக் கிளம்பிய ரஷ்யத் தொண்டர்களை டால்ஸ்டாய் 8ஆம் பாகத்தில் கேலி செய்திருந்தார். ஆசிரியர் கட்கோவோ அவர்களின் ஆதரவாளர். திருத்தச் சொன்னார், டால்ஸ்டாய் மறுத்தார். கதாநாயகி இறந்ததோடு கதை முடிந்தது என்று கட்கோவ் ஒரு குறிப்பைப் போட்டு, ஒரு முழுப் பாகத்தைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டார். டால்ஸ்டாய் அந்தப் பாகத்தைத் தனிப் புத்தகமாக அச்சிட்டார். நாவலின் இன்னொரு நாயகனான லெவினின் தேடல் போய்ச் சேரும் இடம் அதில்தான் இருக்கிறது. (உங்கள் நாலு பக்கக் கடிதத்தை ஐந்து வரியாக்கியது நான்தான். அது வேறு விஷயம்.)

ஆகவே கடையிலேயே பரிசோதியுங்கள். 'அன்னா கரேனினா' ரயிலடியில் அன்னா சாவதோடு முடிந்தால் கீழே வைத்துவிடுங்கள். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 6 பாகம், அதன்பின் சைபீரியாவில் நடக்கும் முடிவுரை. சைபீரியா இல்லையென்றால் தண்டனையில் பாதி இல்லை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' இரண்டு முடிவுரைகளையும் சேர்த்து 361 அத்தியாயம். பெரும்பாலும் சின்னச் சின்ன அத்தியாயங்கள். நாளைக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் முடிவுரை வரலாறு பற்றிய கட்டுரை. அதைத் தாண்டிப் போனால் உங்களை யாரும் கைது செய்யப்போவதில்லை, ஆனால் தாண்டுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். பழைய பல்லவி ஒன்று, திட்டிக்கொண்டே கேளுங்கள்: மொழிபெயர்த்தவர் பெயர் இல்லாத புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எதை வெட்டினார் என்று கேட்க ஆள் வேண்டாமா?

பெயர்க் குழப்பத்துக்கு மருந்து நம் இனிஷியலிலேயே இருக்கிறது. நாம் அப்பா பெயரை ஓர் எழுத்தாக்கி முன்னால் வைக்கிறோம். ரஷ்யர்கள் முழுசாகப் பின்னால் வைத்து, மரியாதையாக இரண்டையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். 'குற்றமும் தண்டனையும்' நாயகன் ரொதியோன் ரொமானவிச் என்றால் ரோமன் மகன் ரொதியோன், அதாவது ஆர். ரொதியோன். ரஸ்கோல்னிகவ் என்பது குடும்பப் பெயர். அம்மாவுக்கு அவன் ரோத்யா. புத்தகத்தில் வைக்கும் அட்டையில் இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'அன்னா'வில் கணவன், காதலன் இரண்டு பேருமே அலெக்ஸெய். அங்கே அப்பா பெயர்தான் கைகொடுக்கும்.

நாடகம் என்றால் இப்சனின் 'பொம்மை வீடு' (1879). பேச்சைவிட அடைப்புக்குறிக்குள் இருப்பதை நிதானமாகப் படியுங்கள். திரை தூக்கியதும் சுமைகூலி 50 ஓரே (அரைக் குரோனர்) என்கிறான். கதாநாயகி நோரா ஒரு குரோனரைக் கொடுத்து மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். இரட்டிப்புக் கூலி. 4,800 குரோனர் ரகசியக் கடனைக் கழுத்தில் கட்டிக்கொண்டிருப்பவள் இவள். கணவன் தடுத்த மக்ரூன் பிஸ்கட்டை ஒளித்துத் தின்பதும் முதல் சில நிமிடங்களில் வந்துவிடும். கடைசியில் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்கான ஒத்திகை அது. அந்த முடிவில் நடிக்க மாட்டேன் என்று ஒரு ஜெர்மன் நடிகை மறுத்தார். மற்றவர்கள் மாற்றுவதற்கு முன் இப்சனே, நோரா வீட்டிலேயே தங்குவதுபோல் எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் சொன்னார்.

எதில் தொடங்கலாம்? பெரியதன் சுருக்கம் வேண்டாம், சின்னதை முழுசாகப் படியுங்கள். டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 12 அத்தியாயம்தான். மரணச் செய்தி வந்ததும் உடன் வேலை பார்ப்பவர்கள் யாருக்குப் பிரமோஷன் என்று யோசிப்பதில் ஆரம்பிக்கும். அதற்கும் முன்னால் கோகோலின் 'மேல்கோட்டு' (1842), ஒரே உட்காரலில் முடியும். அதன் நாயகன் அக்காக்கி அக்காக்கியெவிச், அதாவது ஏ. அக்காக்கி. வருடச் சம்பளம் 400 ரூபிள், கோட்டுக்கு 80. மாலைத் தேநீரை விடுகிறார், மெழுகுவத்தியை விடுகிறார், செருப்புத் தேயாமல் இருக்க நுனிக்காலில் நடக்கிறார். இந்தக் கணக்கை வெட்டினால் கோட்டுத் திருடு போகும்போது நமக்கு ஒன்றும் ஆகாது. காலருக்கு மார்ட்டன் என்ற கீரி மாதிரி விலங்கின் ரோமம் வைக்கக் காசு போதாமல் பூனைத் தோலை வாங்குகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மார்ட்டன் மாதிரியே இருக்குமாம்.